பதினேழாம் நெம்பர்

கிளம்பிப் பதினோரு நாள்.
கரூரில் பெட்டியின் கைப்பிடி கழன்றது.
அரவக்குறிச்சியில் டயர்.
தென்னிலைப் பக்கம் ஒரு தோட்டத்தில்
சொட்டுநீர்க் குழாயின் உறுதியை
நான் விளக்கிக்கொண்டிருக்கையில்
குழாய் வெடித்து
வாங்க வந்தவர் வேட்டியெல்லாம் சேறு.
"பரவால்லீங்க, மழை பாத்து நாளாச்சு" என்றார்.
ஆர்டர் மட்டும் தரவில்லை.

வெள்ளகோவிலுக்கு இரண்டு கிலோமீட்டர் முன்னால்
கிளட்ச் செத்தது.
நான் ஒரு பக்கம் தள்ள
ஆடிக் காற்று எதிரே நின்று தள்ளியது.
மெக்கானிக் ராக்கியண்ணன்
காருக்கு அடியில் படுத்தபடியே சொன்னார்:
"பிளேட்டு ஈரோட்லருந்து வரோணுங்.
நாளைக்கு வந்துரும்."
அவருடைய நாளைக்கு
இரண்டு ராத்திரி.

அதனால் இந்த லாட்ஜ்.
அறை எண் பதினாறு.
ஜன்னலைத் திறந்தால் எண்ணெய் மில்லின் சுவர்,
மூடினால் ஃபேனின் முனகல்.
இரண்டாம் இரவு பக்கத்து அறையில்
ஒரு குழந்தை அழுதது.
ஏறி இறங்கும் அழுகை இல்லை,
தூரத்து மோட்டார் மாதிரி ஒரே சத்தம்.
ஒரு மணிக்குச் சுவரைத் தட்டினேன்.
இரண்டு மணிக்கு ரிசப்ஷனுக்குப் போன் போட்டு
நாங்களும் காசு கொடுத்துத்தான் தங்குகிறோம் என்றேன்.
கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டது.
என் குரல்மேல் எனக்கே
ஒரு மரியாதை வந்தது. தூங்கினேன்.

காலையில் பில்.
இரண்டு நாளுக்கு மூன்று நாள் வாடகை.
துண்டு ஒன்று காணோம், நூற்றிருபது.
(அதே துண்டால்தான்
ரிசப்ஷன் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.)
அதற்குக் கீழே, கோணல் எழுத்தில்:
சுடுதண்ணி பிளாஸ்க் மூன்று.
பால் நான்கு.
ரொட்டி ஒன்று.
இரவு 2.10, ஆட்டோ, ஆஸ்பத்திரி.

கணக்கில் நான் விடுகிறவன் இல்லை.
விட்டாலும் சென்னை ஆபீஸில் ஒரு அம்மாள் இருக்கிறார்,
டீக்கு ஏன் ஏழு ரூபாய் கூட என்று
பென்சிலால் வட்டம் போட்டு
மூன்று மாதம் கழித்துத் திருப்பி அனுப்புவார்.
மேசையைத் தட்டினேன்.
சென்னியப்பன் கண்ணாடியை மேலே ஏற்றினார்.
"ஆமாங், ரெண்டு நாள்தானுங்.
துண்டு..." தன் கையைப் பார்த்தார். "அதையும் உடுங்க.
இந்தப் பாலெல்லாம் பதினேழாம் நெம்பருங்.
பையன் ஏழை ஆறுன்னு எழுதிப்போட்டான்.
ஒடிசாக்காரன்."

பதினேழைக் கூப்பிடுங்களேன் என்றேன்.

"அவிய திரும்பி வரலீங்.
இங்க பாக்க முடியாதுன்னு
அப்பிடியே கோயமுத்தூருக்கு அனுப்பிட்டாங்களாமா.
பையன் சம்பளத்துல மொதலாளி புடிச்சுக்குவாரு.
நீங்க ரோசிக்காதீங்."

பேனா சரசரவென்று கோடு போட்டது.
ஒரு பில்லை
இவ்வளவு முழுசாக நான் ஜெயித்ததே இல்லை.

மாடிப்படியில் ரஞ்சன் பெட்டியோடு இறங்கி வந்தான்,
கைப்பிடி இல்லாததால்
இரண்டு கையாலும் மாரோடு அணைத்து,
ஒவ்வொரு படியாகப் பார்த்து.

"பாலை மட்டும் திரும்பப் போடுங்க."

"பாலுங்களா?"

"ஆட்டோவையும்."

சென்னியப்பன் அடித்த வரிக்குமேல் மறுபடி எழுதினார்.
"நாலு பாலுங்.
கடைசிப் பாலு குடிக்கவே இல்லீங், ஆறிப்போய்க் கெடந்துச்சு.
அதக் கழிச்சுரட்டுங்களா?"

கழிக்க வேண்டாம் என்றேன்.

ராக்கியண்ணன் கடையில்
பிளேட்டு வந்திருந்தது.
வேறு மாடலுக்கு.
பெஞ்சில் உட்கார்ந்து செலவுப் படிவத்தை நிரப்பினேன்.
தேதி. ஊர். தொகை.
நோக்கம் என்ற கட்டத்தில்
வாடிக்கையாளர் சந்திப்பு என்று எழுதி, அடித்தேன்.
சுவர் என்று எழுதினேன்.
அதையும் அடித்தேன்.
காற்று தாளைப் பிடுங்கப் பார்த்தது,
ஸ்பேனரை எடுத்து மேலே வைத்தேன்.

இன்னும் ஒரு ராத்திரி வேண்டும் என்று போன் செய்தபோது
சென்னியப்பன் சொன்னார்:
"பதினாறுக்கு இப்பத்தான் ஆள் வந்தாங்.
பதினேழு கழுவி உட்டுருக்கறமுங்.
தரட்டுங்களா?"